புகையா, புழுதியா?

செம்பூரில் இரவு வானத்தைப் பார்ப்பது எளிதான செயல் அன்று. ஒருபுறம் மாஹுலின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் டிராம்பேயின் உரத் தொழிற்சாலையும். மறுபுறம் 1927 முதல் மாநகரின் குப்பையைச் சுமந்து நிற்கும் தேவ்நார் மேடு. இவற்றின் நடுவே வாழ்கிறவர்கள் தங்கள் ஊரைக் ‘கேஸ் சேம்பர்’ என்று சொல்லிச் சிரித்துக்கொள்வது பழைய வழக்கம். 2016 ஜனவரியில் தேவ்நார் மேடு பற்றியெரிந்தபோது எழுந்த புகை, செயற்கைக்கோள் எடுத்த படங்களிலும் தெரிந்தது. மார்கழிக் காலையில் மாடியில் நின்று கிழக்கே நோக்கும் ஒருவருக்கு, கண்முன் தொங்கும் சாம்பல் நிறப் படலம் பனியா, புகையா, புழுதியா என்று உடனே சொல்லிவிட முடியாது.

இது அற்பமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் பிரபஞ்சத்தின் ஆதி நிலையைப் பற்றிய ஆராய்ச்சி 2014-ஆம் ஆண்டில் தடுக்கி விழுந்தது இதே கேள்வியில்தான். அந்த நிகழ்ச்சி வானியலாருக்கு மட்டும் உரியதன்று. கண்ணால் காணாத ஒன்றைக் குறித்து ‘அறிந்தேன்’ என்று சொல்லும் உரிமை மனிதனுக்கு எப்போது வருகிறது என்ற தொன்மையான தத்துவ வினா அதில் அடங்கியிருக்கிறது.

செம்பூரிலிருந்து மான்குர்து நோக்கிச் செல்லும் வி. என். புரவ் மார்க்கில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அமைந்துள்ளது. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் ஓர் அங்கமாக 1974-இல் தோன்றிய இம்மையம், 2025 ஆகஸ்டில் மும்பையில் நடைபெற்ற பன்னாட்டு வானியல் ஒலிம்பியாட்டை முன்னின்று நடத்தியது. விண்மீன்கள் அரிதாகவே தெரியும் இப்பகுதியில், பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள் என்பதைப் பள்ளி மாணவர்கள் கணக்கிட்டுப் பழகுகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது? யாரும் உடனிருந்து பார்க்கவில்லை. சாட்சி சொல்ல எஞ்சியிருப்பது ஒளி ஒன்றே.

தொடக்கத்தில் பிரபஞ்சம் மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்டிருந்தது. ஒளி நேராகச் செல்ல இயலாமல் எலெக்ட்ரான்களின் மீது ஓயாது மோதிச் சிதறிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழிந்தபின், வெப்பம் தணிந்து அணுக்கள் உருவாயின, மோதல் நின்றது, ஒளி விடுதலை பெற்றுப் புறப்பட்டது. அன்று புறப்பட்ட ஒளி இன்றும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. விரிந்து விரிந்து குளிர்ந்துவிட்டதால் அது இப்போது நுண்ணலையாக இருக்கிறது. அதன் வெப்பநிலை தனிச்சுழியத்திற்கு மேல் 2.725 டிகிரி மட்டுமே. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் நிலையம் கிடைக்காதபோது திரை முழுவதும் கொட்டிய புள்ளி மழையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு இந்த ஆதியொளியின் வரவு.

இதனை முதலில் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவர். அவர்கள் எதையும் தேடிச் செல்லவில்லை. 1964-இல் தங்கள் வானலை வாங்கியில் ஓர் இரைச்சல் அகலாமல் நின்றதைக் கண்டார்கள். கருவியைச் சோதித்தார்கள். இணைப்புகளைச் சரிபார்த்தார்கள். உள்ளே கூடுகட்டியிருந்த புறாக்களை வெளியேற்றி, எச்சத்தைத் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. 1965-இல் அவர்கள் வெளியிட்ட சிறு கட்டுரையில், இவ்வளவு மிகை வெப்பநிலை அளக்கப்படுகிறது என்று மட்டும் சொன்னார்கள். அது பிரபஞ்சத்தின் ஆதிக்கனலின் எச்சம் என்ற விளக்கத்தை, அதே இதழில் வெளிவந்த பிரின்ஸ்டன் அறிஞர்களின் கட்டுரைக்கு விட்டுவிட்டார்கள். கண்டதை மட்டும் சொல்லி, அதற்கு மேல் ஓர் எழுத்தும் சேர்க்காத அந்த அடக்கத்திற்கு 1978-இல் நோபல் பரிசு வந்தது ஒரு விந்தை. பரிசை நோக்கி ஓடியவர்களின் கதை இனி வருகிறது.

ஒளிக்குத் தளவிளைவு என்றொரு பண்பு உண்டு. ஒளியலையின் அதிர்வு எல்லாத் திசைகளிலும் சமமாக இல்லாமல் ஒரு திசையில் மிகுந்திருப்பதே அது. மழைநீர் தேங்கிய சாலையிலிருந்து தெறிக்கும் வெயில் இவ்வாறு ஒரு திசைப்பட்டது. அதனால்தான் சிலவகைக் குளிர்கண்ணாடிகள் அந்தக் கூச்சத்தை மட்டும் வெட்டிவிடுகின்றன. நீல வானத்தின் ஒளியும் ஓரளவு அப்படிப்பட்டதே. ஆதியொளி கடைசியாக எலெக்ட்ரான்களின் மேல் மோதிச் சிதறியபோது, ஒரு திசையிலிருந்து வெம்மை மிகுந்தும் குறுக்குத் திசையிலிருந்து குறைந்தும் வந்த இடங்களில் அதற்கும் இப்பண்பு சிறிது ஒட்டிக்கொண்டது. தென் துருவத்தில் அமைந்த டாசி என்னும் கருவி 2002-இல் இதனை முதன்முதலாகக் கண்டது.

இந்தத் தளவிளைவை வானத்தில் வரைந்து பார்த்தால் இருவகைக் கோலங்கள் வரலாம். ஒன்று, கண்ணாடியில் காட்டினாலும் மாறாத கோலம். நடுப்புள்ளியிலிருந்து விரியும் கதிர்களைப் போலவோ, அதைச் சுற்றிய வட்டங்களைப் போலவோ இருப்பது. பொருளின் அடர்த்தியில் இருந்த ஏற்றத்தாழ்வுகள் இதனை உண்டாக்கும். மற்றொன்று சுழிக்கோலம். வலம்புரிச் சங்கு கண்ணாடியில் இடம்புரியாகத் தெரிவது போல, இது கண்ணாடியில் மாறிப்போகும். அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளால் இதனைத் தாமாக உண்டாக்க இயலாது. ஆனால் பிரபஞ்சம் பிறந்த முதல் நொடியின் கற்பனைக்கெட்டாத சிறு பகுதிக்குள் அது திடீரெனப் பெருகியது என்ற ‘பெருவீக்க’க் கோட்பாடு உண்மையாயின், அப்போது எழுந்த ஈர்ப்பலைகள் இத்தகைய சுழிகளை விட்டுச் சென்றிருக்கக்கூடும். ஆலன் குத், ஆந்திரேய் லிண்டே, அலெக்ஸேய் ஸ்டாரோபின்ஸ்கி முதலியோர் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய கோட்பாடு அது. ஆதலால் சுழிக்கோலத்தைத் தேடும் போட்டி மூண்டது. தேட வேண்டிய அளவோ, ஒரு டிகிரி வெப்பத்தில் கோடியில் ஒரு பங்கு.

தென் துருவத்தில் பைசெப்2 என்ற தொலைநோக்கி 2010 முதல் 2012 வரை மூன்றாண்டுகள் வானத்தின் ஒரு சிறு பகுதியையே உற்று நோக்கியது. உலர்ந்த குளிர்காற்று, இருண்ட துருவ இரவு, தூசி குறைந்தது என்று கருதப்பட்ட வான்பகுதி. இடமும் காலமும் நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. சுழிக்கோலம் தெரிந்தது. கருவியின் குறையோ என்று குழுவினர் நெடுங்காலம் சோதித்தனர். 2014 மார்ச் 17 அன்று உலகிற்கு அறிவித்தனர். பிரபஞ்சம் பிறந்த கணத்தின் ஈர்ப்பலைச் சுவடு கிடைத்துவிட்டது என்று நாளிதழ்கள் முதற்பக்கத்தில் முழங்கின.

ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழிந்தன. ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் பிளாங்க் செயற்கைக்கோள் திரட்டிய தரவுகள் 2014 செப்டம்பரில் வெளிவந்தன. பால்வீதியில் மிதக்கும் நுண்தூசித் துகள்கள் உருண்டையாக இல்லாமல் நீண்டிருக்கின்றன. அவை விண்மீன் திரளின் காந்தப்புலத்தால் ஒழுங்குபட்டு நிற்கின்றன. அவற்றிலிருந்து வரும் வெப்ப ஒளியும் தளவிளைவு உடையது. அதுவும் சுழிக்கோலம் காட்டும். பைசெப்2 நோக்கிய வான்பகுதியில் இந்தத் தூசி, குழுவினர் எண்ணியதைவிட மிகுந்திருந்தது. கண்ட சுழியின் வலிமையும் தூசி தரக்கூடிய வலிமையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. 2015 ஜனவரி இறுதியில், இரு குழுவினரும் சேர்ந்து செய்த ஆய்வின் முடிவு வந்தது: ஆதி ஈர்ப்பலைக்குச் சான்று இல்லை. இச்செய்தியை நாளிதழ்கள் எந்தப் பக்கத்தில் போட்டன என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ் படித்தவர்க்கு இந்தப் பிழை புதிதன்று. சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 29-ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். ஏதுப் போலிகளை வகைப்படுத்தும்போது சித்தாசித்தம் என்ற ஒன்றைச் சொல்கிறார். எதிரே தெரிவது ஆவியா, பனியா, புகையா என்ற ஐயம் தீராத நிலையிலேயே, அதனைப் புகையாகக் கொண்டு அங்கே நெருப்பு உண்டு என்று துணிந்துவிடுவது அந்தப் போலி. வடமொழித் தர்க்க விவாதங்களிலும் மலைமேல் எழுந்த புழுதிப் படலத்தைப் புகையென மயங்கித் தீயை அனுமானிப்பவன் அடிக்கடி வருகிறான். பால்வீதியின் தூசியைக் கண்டு ஆதிக்கனலைத் துணிந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எங்கும் கிடைக்காது.

ஆயினும் இந்த ஒப்புமையோடு நின்றுவிட்டால் அது வெறும் வியப்பாக முடிந்துவிடும். பிழை எங்கே நேர்ந்தது என்று நுணுகிப் பார்க்கவேண்டும். பைசெப்2 குழுவினர் கண்ட காட்சி பொய்யன்று. சுழிக்கோலம் வானத்தில் உண்மையாகவே இருக்கிறது. அவர்களுடைய அளவீடு இன்றும் மதிக்கப்படுகிறது. புகை இருந்தால் தீ இருக்கும் என்னும் வியாப்தியை ஒத்த அவர்களுடைய விதியும் பொய்யன்று. ஆதியொளியில் ஆதிக்காலத்துச் சுழி இருக்குமானால் அது ஈர்ப்பலையைக் காட்டும். காட்சியும் சரி, விதியும் சரி. கண்ட சுழி ஆதியொளிக்கு உரியது என்று இனம் கண்ட அந்த நடுப்படியில்தான் வழுக்கல். அவர்கள் 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் நோக்கினார்கள். தூசியின் ஒளியும் ஆதியொளியும் வெவ்வேறு அலைவரிசைகளில் வெவ்வேறு விதமாக ஏறி இறங்குபவை. பல அலைவரிசைகளில் நோக்கினால் பிரித்தறியலாம். ஒன்றில் மட்டும் நோக்கியவர்க்குப் பிரித்தறியும் வழி தம் கையில் இல்லை. தூசியைப் பற்றிப் பிறர் வகுத்த மாதிரிகளை நம்பவேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்று, பிளாங்க் குழுவினர் ஒரு கருத்தரங்கில் காட்டிய படத்திலிருந்து எடுக்கப்பட்டது.

இன்னும் ஆழமான ஒரு கேள்வி உண்டு. புழுதியைப் புகையென மயங்கியவன் ‘மலையில் தீ உண்டு’ என்கிறான். தற்செயலாக அந்த மலையின் மறுபுறத்தில் உண்மையிலேயே தீ எரிகிறது என்று கொள்வோம். அவன் சொன்னது உண்மை. ஆனால் அவன் அறிந்தானா? இந்தியத் தர்க்க மரபு இதனை நெடிது விவாதித்தது. சொல் உண்மையாக இருப்பது மட்டும் அறிவாகாது. அந்த உண்மைக்குச் செல்லும் வழியும் உண்மையாக இருக்கவேண்டும் என்பதே இங்கு ஏற்கத்தக்க நிலை. நாளை வேறொரு கருவி ஆதி ஈர்ப்பலையை ஐயமறக் கண்டுவிட்டாலும், 2014 மார்ச்சில் சொல்லப்பட்டது அறிவு ஆகிவிடாது. அதிர்ஷ்டவசமாகப் பலித்த ஊகம் என்றே அதனைக் கொள்ளவேண்டும். ‘எப்படியோ சரியாகச் சொன்னார்களே’ என்று பாராட்டுகிறவர்கள் அறிவுக்கும் சோதிடத்துக்கும் உள்ள எல்லையை அழித்துவிடுகிறார்கள்.

இங்கே தர்க்கம் அறநெறியைத் தொடுகிறது. ஐயம் தீராமலே துணியச் செய்தது எது? அறியாமை என்று சொல்ல இயலாது. அவர்கள் துறையின் தேர்ந்த அறிஞர்கள். தூசி இருக்கக்கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததே. பிளாங்க் முந்திக்கொள்ளும் என்ற அச்சமும் நோபல் பரிசின் ஈர்ப்பும் எவ்வாறு வேலை செய்தன என்பதை, பைசெப் திட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பிரையன் கீட்டிங் 2018-இல் வெளியிட்ட தம் நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆசை கண்ணைக் கெடுக்கும் என்பது துறவியர் மட்டும் சொல்லும் வார்த்தை அன்று. துருவப் பனியில் மூன்றாண்டு தவம் போல உழைத்தவர்களும் கண்டுகொண்ட உண்மை.

அந்த நாட்களில் வெளியான ஒரு காணொளி பலருக்கு நினைவிருக்கும். பைசெப்2 குழுவைச் சேர்ந்த ஓர் அறிஞர் ஸ்டான்ஃபோர்டில் லிண்டேயின் வீட்டுக் கதவைத் தட்டி, சுழிக்கோலம் கிடைத்த செய்தியைச் சொல்கிறார். முப்பதாண்டுக் காலம் தாம் பேணிய கோட்பாடு மெய்ப்பட்டதைக் கேட்டு முதியவர் நெகிழ்ந்துபோகிறார். ஆனால் அந்த மகிழ்ச்சியின் நடுவிலேயே அவர் ஒரு கருத்தைச் சொன்னார்: இது அழகாக இருக்கிறது என்பதற்காகவே தாம் நம்பிக்கொண்டிருக்கிறாரோ, ஏதேனும் ஏமாற்றுக்கு ஆளாகிறாரோ என்று. அன்றைய ஆரவாரத்தில் அதிகம் கவனிக்கப்படாத சொல் அது. வெற்றிச் செய்தி கேட்ட கணத்திலேயே தம் விருப்பத்தின் மீது ஐயம் கொள்ள முடிந்த அந்த மனம், கோட்பாடு நிலைத்தாலும் வீழ்ந்தாலும், வணக்கத்திற்குரியது.

பாரத நாட்டுத் தத்துவ நூல்களில் ஒரு முறை உண்டு. ஆசிரியர் தம் சித்தாந்தத்தை நிறுவும் முன் பூர்வபட்சத்தை, அதாவது எதிர்வாதியின் கட்சியை, எதிர்வாதியே மெச்சும்படி எடுத்துரைக்கவேண்டும். வலுவிழந்த பூர்வபட்சத்தை வீழ்த்துவது வெற்றியாகக் கொள்ளப்படுவதில்லை. ‘இது தூசியே’ என்ற பூர்வபட்சம் 2014-இல் போதிய வலுவோடு முன்வைக்கப்படவில்லை. வெளியிலிருந்த சில ஆராய்ச்சியாளர்கள் பின்னர் அந்தப் பணியைச் செய்தார்கள்.

மும்பையில் இவ்வகைப் பூர்வபட்சியாக வாழ்நாள் முழுவதும் நின்றவர் ஜயந்த் நார்லிகர். கோல்ஹாப்பூரில் 1938-இல் பிறந்து, 1972 முதல் 1989 வரை கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றி, பிறகு புணேயில் ஐயூகா நிறுவனத்தைக் கட்டியெழுப்பி, 2025 மே 20 அன்று மறைந்தவர். பிரபஞ்சத்திற்குப் பெருவெடிப்பு என்ற ஒரே தொடக்கம் உண்டு என்பதை அவர் ஏற்கவில்லை. விண்மீன்களின் ஒளியே ஊசி போன்ற இரும்புத் துகள்களில் பட்டுப் பட்டு நுண்ணலையாக மாறியிருக்கலாம் என்று, ஆதியொளிக்கு அவரும் அவருடைய தோழர்களும் வேறு விளக்கம் சொன்னார்கள். இங்கேயும் தூசிதான்! பெரும்பாலோர் அவ்விளக்கத்தை ஒப்பவில்லை. தளவிளைவு முதலிய பின்வந்த அளவீடுகளும் பெருவெடிப்புக் கட்சிக்கே துணை நின்றன. இருப்பினும், எல்லோரும் ஒரு பக்கம் சாயும்போது ‘வேறு காரணம் இருக்கலாகாதா?’ என்று கேட்க ஒருவர் இருப்பது அறிவுலகின் ஆரோக்கியத்திற்குத் தேவை. அவருடைய விடை தவறாகலாம், கேள்வி தவறாகாது.

சோதித்து அறியும் நெறி இம்மண்ணிலேயே செயலாகக் காட்டப்பட்டதும் உண்டு. முதல் விண்மீன்கள் தோன்றிய காலத்தின் வானலைச் சுவட்டைக் கண்டதாக 2018-இல் ஆஸ்திரேலியாவில் நிறுவப்பட்ட எட்ஜஸ் என்னும் கருவியை இயக்கியோர் அறிவித்தனர். எதிர்பார்த்ததைவிட இருமடங்கு ஆழமான அந்தச் சுவட்டை விளக்க, கரும்பொருள் பற்றிய புதுப்புதுக் கற்பனைகள் கிளம்பின. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தார் வேறுவிதமாகச் சிந்தித்தார்கள். கருவிக்குக் கீழுள்ள நிலத்தின் அடுக்குகளே பொய்ச் சுவடு தரக்கூடும். ஒரேசீரான நீர்ப்பரப்பு அவ்வாறு செய்யாது. ஆகவே 2020-இன் தொடக்கத்தில் தங்கள் சரஸ்3 கருவியைத் தெப்பத்தில் ஏற்றி, கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள். 2022-இல் முடிவை வெளியிட்டார்கள்: அப்படியொரு சுவடு அங்கே தென்படவில்லை. புதிதாக ஒன்றைக் கண்டதாகச் சொல்லும் புகழ் இதில் இல்லை. இல்லாததை இல்லை என்று சொல்ல ஏரியில் இறங்கியவர்களின் உழைப்பு அது.

ஆன்மிக நாட்டம் உடையோரிடமும் 2014-இல் ஒரு வேகம் காணப்பட்டது. பைசெப்2 அறிவிப்பு வந்தவுடன், ‘இது நம் வேதங்களில் முன்பே சொல்லப்பட்டது’ என்று மேடைகளில் பேசப்பட்டது. மறு ஆண்டு அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டபோது, வேதமும் திரும்பப் பெறப்பட்டதா? இக்கேள்விக்கு அவர்கள் விடை சொல்லியாகவேண்டும். சாஸ்திரத்தை அன்றாடச் செய்தியோடு முடிச்சுப் போடுகிறவர், செய்தி அவிழும்போது சாஸ்திரத்தையும் அவிழ்த்துவிடுகிறார். சிருஷ்டியைப் பாடும் ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்து 129-ஆம் சூக்தம், இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்பதை மேலுலகிலிருந்து கண்காணிப்பவனே அறிவானோ, அவனும் அறியானோ என்ற ஐயத்தோடு முடிகிறது. ஐயத்தை அவ்வளவு துணிவோடு நிற்கவிட்ட முனிவரை, ஐயம் தீராமலே துணிந்த ஒரு செய்திக்குச் சாட்சியாக இழுப்பது முறையன்று. மேலும், ஆதியொளி காட்டுவது பிரபஞ்சம் ஏற்கெனவே இருந்த ஒரு நிலையை. அதற்கு முந்தைய பெருவீக்கமும் ஒரு நிலையே. ஏன் எதுவும் இருக்கிறது என்ற கேள்வி அங்கே இன்னும் தொடப்படவேயில்லை.

2014-இல் சொல்லப்பட்ட ஈர்ப்பலைச் சுவட்டின் வலிமை, அடர்த்தி ஏற்றத்தாழ்வின் வலிமையோடு ஒப்பிட 0.20 என்ற விகிதம். அதே குழுவினர் உழைப்பைக் கைவிடவில்லை. பல அலைவரிசைகளில் நோக்கி, 2021-இல் அந்த விகிதம் 0.036-க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை என்று தாமே நிறுவினார்கள். ஜப்பான் லைட்பேர்டு என்ற செயற்கைக்கோளைத் திட்டமிட்டிருக்கிறது. இந்திய அறிஞர்கள் சி.எம்.பி.-பாரத் என்ற கூட்டமைப்பாக இணைந்து 2018-இல் இஸ்ரோவிடம் ஒரு செயற்கைக்கோளுக்கான முன்மொழிவை அளித்தார்கள். தென் துருவத்தில் பைசெப் அரே என்னும் புதிய தொலைநோக்கி வரிசை நிறுவப்பட்டு வருகிறது. அதிலுள்ள உணரிகளில் ஒரு பகுதி 220, 270 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆதியொளியைத் தேடுவது அவற்றின் வேலை அன்று. இடையிலுள்ள தூசி எவ்வளவு ஒளிர்கிறது என்பதை அளப்பதற்காக அவை வைக்கப்பட்டிருக்கின்றன.